வார்த்தை எடுத்துக் கொடுக்காதவர்

மிஸ் யாருக்கும் வார்த்தை எடுத்துக் கொடுக்க மாட்டார்.

எதிரில் ஒருவர் ஒரு சொல் கிடைக்காமல் தடுமாறினால் நாமெல்லாம் என்ன செய்வோம்? பட்டென்று அதை எடுத்து அவர் வாயில் வைப்போம். மிஸ் அசைய மாட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை நம் முகத்திலிருந்து எடுக்காமல், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருப்பார். பஸ் வராது என்று நமக்கே தெரிந்த பிறகும் உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் ஆஸ்பத்திரி கேன்டீனில் என் மனைவிக்குக் குடிக்க மைலோ வாங்கினேன். உறிஞ்சுகுழல் கேட்க வேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் என்னவென்று அந்த நேரம் பார்த்து எனக்கு மறந்துபோனது. "ஆன்ட்டி, தட் ஒன், லாங் லாங் ஒன்" என்று காற்றில் விரலால் கோடு போட்டேன். கடைக்காரச் சீன அம்மா முதலில் சாப்ஸ்டிக்ஸை நீட்டினார். அடுத்ததாகக் கத்தியை எடுத்துக் காட்டினார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. மிஸ் என் தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறார், வாயைத் திறக்கவில்லை. ஒருவழியாக எனக்கே 'ஸ்ட்ரோ' வந்து சேர்ந்தது.

"தெரிஞ்சுக்கிட்டே சும்மா நிக்கிறீங்களே மிஸ். என் மானமே போச்சு."

"உங்களுக்கு வந்துக்கிட்டு இருந்துச்சு அங்கிள். நான் எதுக்கு நடுவுல?"

"எனக்கு வார்த்தை வந்துச்சோ இல்லையோ, பின்னாடி நின்னவன் அடிக்க வந்துட்டான் லா."

அதற்கும் சிரிக்கவில்லை. என் ஜோக்குக்குச் சிரிக்காத ஆட்கள் சிங்கப்பூர்த் தேக்கா மார்க்கெட்டில் மிகக் குறைவு. நான் அங்கே காய்கறிக் கடை வைத்திருப்பவன். முருங்கைக்காய் வாங்க வருகிறவர்கள் ஒரு சிரிப்பையும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். படிப்பைக் கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்தை நான் விடவில்லை, அதுதான் என்னைப் பார்த்து மிரண்டு விலகிக்கொண்டது.

மிஸ் என்று நான் சொல்வது பள்ளிக்கூட மிஸ்ஸை இல்லை. பேச்சு வராதவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர், அதிலேயே ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தார். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். என் மகனைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் முன்கூட்டியே துவைத்துக் காயவைத்து எடுத்து வந்ததுபோல இருக்கும்.

கமலாவுக்கு, அதாவது என் மனைவிக்கு, பக்கவாதம் வந்ததால்தான் எங்களுக்கு அவரைத் தெரியும். கையும் காலும் சில மாதத்தில் திரும்பிவிட்டன. வார்த்தைதான் திரும்பவில்லை. நாம் சொல்வது புரிகிறது, சொன்னதைச் செய்கிறாள், சோறு போட்டுத் தருகிறாள். ஒரு பொருளைக் காட்டி இது என்ன என்றால் வாய் திறக்கும், காற்று வரும், பெயர் வராது. சில நாள் சீப்பைப் பார்த்து 'பஸ்' என்பாள். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தெரியும். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது. கூரையைப் பார்த்துக்கொண்டு ஏதாவது உளறுவேன்.

என் கவலை வேறு. அவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறியிருந்தது. புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கை ஒட்டி எல்ஆர்டி ரயில் போகும். வீடுகள் பக்கத்தில் வரும்போது ரயில் கண்ணாடி தானாகவே வெள்ளையாகிவிடும், உள்ளே இருப்பவருக்கு எங்கள் வீடு தெரியாது. கமலா என்னைப் பார்ப்பது அப்படித்தான் இருந்தது. கண் என் பக்கம் இருக்கிறது, அதற்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ விழுந்துவிட்டது. நான் யாரென்று அவளுக்குத் தெரிகிறதா, இல்லை ஒரே வீட்டில் நடமாடுகிறானே என்று பொறுத்துக்கொள்கிறாளா? எனக்கு அது மட்டும் தெரிந்தால் போதும். மிஸ்ஸிடம் போனதே அதற்காகத்தான்.

அவர் படங்கள் வைத்திருந்தார். குடை, சீப்பு, பப்பாளி, சாவி, செருப்பு என்று அன்றாடம் கையில் படுகிற பொருள்கள். கூடவே எங்கள் மகன் படம், என் படம். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடி எடுத்து எடுத்து இரண்டு பெட்டிகளில் பிரித்தார். முதல் பெட்டிக்குப் பயிற்சி உண்டு. இரண்டாவது பெட்டிக்குக் கிடையாது, அவ்வப்போது காட்டி மட்டும் பார்ப்பார். வீட்டிலும் அதைச் சொல்லித் தரக்கூடாது. என் மகன் முதல் பெட்டியில் விழுந்தான். நான் இரண்டாவதில், பப்பாளிக்கும் பல்துலக்கும் பிரஷ்ஷுக்கும் நடுவே. கல்யாணமான இத்தனை வருஷத்தில் என் இடம் என்ன என்று அன்றைக்குத்தான் சரியாகத் தெரிந்தது.

"மிஸ், என்னைத் தூக்கி அந்தப் பெட்டியில போடுங்களேன். செருப்பை இதுல போட்டுக்கலாம்."

"முடியாது அங்கிள்."

"செருப்பு கோவிச்சுக்காது."

"ரெண்டுக்கும் பயிற்சி கொடுத்தா, ஆன்ட்டி தானா தேறுறாங்களா, பயிற்சியால தேறுறாங்களான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"எதால தேறினா என்ன?"

"உங்களுக்கு ஒண்ணுமில்ல. அடுத்து வர்ற ஆன்ட்டிக்கு அது தெரியணும். இது முடிஞ்சதும் ரெண்டாவது பெட்டியையும் ஆரம்பிச்சிடுவேன். அதுவரைக்கும் நீங்க அங்கதான் இருக்கணும்."

இருந்தேன்.

எதுவும் மாறக்கூடாது என்பது மிஸ்ஸின் இன்னொரு பிடிவாதம். ஒன்றை மட்டும் மாற்றி என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை, அதனால் மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். எங்களுக்கு முறை வரும் நாளில் அதே நீல மேல்சட்டை, அதே நாற்காலி, அதே "வாங்க ஆன்ட்டி, சாப்டாச்சா?" அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்றுகூடத் தெரியாது. அதுவும் ஒருவேளை அவர் ஏற்பாடுதானோ என்னவோ. 'வேரியபிள்' என்று அடிக்கடி சொல்வார். மாறக்கூடியது என்று அர்த்தமாம். மாறக்கூடிய எதையும் அவர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கொண்டுவர முடியாது.

நான் ஒருமுறை லிட்டில் இந்தியாவிலிருந்து சூடாக உளுந்துவடை வாங்கிப் போனேன். பொட்டலத்தைத் தொடாமல் பார்த்தார்.

"கொண்டு வர்றதா இருந்தா ஒவ்வொரு வாரமும் கொண்டு வாங்க. இல்லன்னா எப்பவுமே வேணாம்."

"ஒரு வடைக்கு ஆயுள் சந்தாவா மிஸ்?"

"ஆன்ட்டி வாசனை பிடிச்சிட்டாங்க. இன்னிக்கு நல்லா பேசினா எதனாலன்னு நான் எழுதறது?"

தலைக்கு மை அடித்துக்கொண்டு போன அன்றைக்கு இன்னும் மோசம். என்னை மேலும் கீழும் பார்த்தார். "படத்துல இருக்கிற ஆள் மாதிரி இல்லையே நீங்க," என்று சொல்லி வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். வாசலில் இருந்த ஆஸ்பத்திரித் தாதி, "ஏன் அங்கிள், சண்டையா?" என்று கேட்டாள். "இல்லம்மா, அழகாயிட்டேன், அதான் வெளிய அனுப்பிட்டாங்க," என்றேன்.

என்னிடம் கடுமையாக இருப்பவர் கமலாவிடம் அப்படி இல்லை. அவளுக்காகக் காத்திருப்பது வேறு மாதிரி இருக்கும். அந்த ஜன்னலில்லாத அறையில் கமலா வாயைத் திறந்து மூச்சோடு போராடும்போது எனக்கு எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றும். ஏசி சத்தம் மட்டும் கேட்கும். மிஸ் முகத்தில் அவசரமும் இருக்காது, இரக்கமும் இருக்காது. ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டேன்.

"ஒரு எழுத்தாவது எடுத்துக் கொடுத்தா என்ன மிஸ்? பாவமா இல்லையா உங்களுக்கு?"

அவர் படங்களை அடுக்கிக்கொண்டே சொன்னார். "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு. அம்மா ரொம்பப் பாசம். அவரு வாயைத் திறந்தாலே அம்மா சொல்லி முடிச்சிடுவாங்க. தண்ணியா, போர்வையா, டிவியான்னு. அவரும் தலையாட்டிடுவாரு. கடைசி வரைக்கும் அம்மா சொன்னதுதான் எங்களுக்குத் தெரியும். அப்பா என்ன சொல்ல வந்தாருன்னு தெரியாது."

சீப்புப் படம் மேசையிலிருந்து நழுவி விழுந்தது, குனிந்து எடுத்து அவரிடம் நீட்டினேன்.

முதல் பெட்டி வேலை செய்தது. குடை வந்தது, சாவி வந்தது. மகன் பெயரைச் சொன்ன அன்று செங்காங்கில் இருக்கும் அவனுக்குப் போன் போட்டேன், அவன் போனிலேயே அழுதான். எனக்கும் சந்தோஷம்தான். கூடவே கொஞ்சம் வயிற்றெரிச்சலும். என் படத்தைக் காட்டும்போதெல்லாம் கமலா பார்ப்பாள், வாயைத் திறக்கவே மாட்டாள். பப்பாளிக்காவது அவள் வாய் முயற்சி செய்தது. எனக்கு அதுவும் இல்லை. வாரா வாரம் மிஸ் ஒரு பூஜ்யம் போட்டார்.

ஒருநாள் வீட்டுக்குக் கிளம்பும்போது வழக்கம்போல உளறினேன். "நீங்க பூஜ்யம் போடுறது எனக்குப் பழகிப்போச்சு மிஸ். அவ நல்லா இருந்தப்பவே என் பேரைச் சொன்னதில்ல. அப்ப இருந்து எண்ணினா எத்தனை பூஜ்யம்?"

மிஸ்ஸின் கை நின்றுவிட்டது. "என்ன சொன்னீங்க?"

"புருஷன் பேரை எப்படி மிஸ் சொல்லுவா? எங்க வீட்டுல வழக்கம் இல்ல."

"அப்ப எப்படிக் கூப்பிடுவாங்க?"

"கூப்பிட மாட்டா. 'இந்தாங்க' சொல்லுவா. கோவம்னா கரண்டி சத்தம் வரும், நானே வந்துடுவேன்."

"எங்கம்மா அப்பாவைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க," என்று மெதுவாகச் சொன்னார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அங்கிள், வர முடியாததையும் சொல்லக் கூடாததையும் ஒரே பூஜ்யமா போட்டுட்டு இருக்கேன்."

அத்தோடு விட்டிருக்கலாம். அவரால் விட முடியவில்லை. பக்கவாதம் வராத, கமலா வயதுப் பெண்களும் புருஷன் படத்தைக் காட்டினால் வாயை மூடிக்கொள்கிறார்களா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்கே வந்துவிட்டார், நீலச் சட்டையோடு. என் வாடிக்கைக்காரப் பெண்களை மாடிப்படி ஓரமாக உட்காரவைத்து, அவரவர் போனில் இருக்கும் புருஷன் படத்தை அவரவரிடமே காட்டி, "இது யாரு?" என்று கேட்டார்.

அன்றைக்கு என் கடையில் கேட்ட சிரிப்பு வேறு என்றைக்கும் கேட்டதில்லை. ஒருத்தி, "அதான், வீட்டுல இருக்காரே," என்றாள். ஒருத்தி, "புள்ளைங்க அப்பா." இன்னொருத்தி முருகன் கோயில் இருக்கும் திசையைக் காட்டி, "அவரு பேருதான் இவருக்கும்," என்று வெட்கப்பட்டாள். பூக்கடை அக்கா, "ஏன் மிஸ், உங்களுக்கு அவரைத் தெரியாதா? நேத்துக்கூட இங்கதான் நின்னாரு," என்று எதிர்க்கேள்வி போட்டார். மிஸ் எல்லாரிடமும் காத்திருந்தார். அந்தப் பார்வை பட்டு அவர்கள் இன்னும் சிரித்தார்கள்.

ஒரே ஒரு பெண்தான் படத்தைப் பார்த்ததும் பெயரைச் சத்தமாகச் சொன்னாள், இனிஷியலோடு. புருஷனோடு பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆனவள் அவள். அவள் சொன்னதும் மற்றவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அதுவரை கமலா என் பெயரைச் சொல்ல மாட்டாளா என்று ஏங்கினேன். அதன் பிறகு, சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். மௌனமாக இருந்தால் நான் யாரென்று தெரிந்திருக்கலாம். பெயர் வந்துவிட்டால், அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்று தெரிந்த கமலா போய்விட்டாள் என்றுதானே அர்த்தம்?

வந்துவிட்டது.

வழக்கமான நாள். குடை, சாவி, மகன், எல்லாம் ஆன பிறகு இரண்டாவது பெட்டி. பப்பாளிக்கு வாய் திறந்து மூடியது. அடுத்து என் படம். மகன் கல்யாணத்தில் எடுத்தது, சிரித்துக்கொண்டிருப்பேன். கமலா அதைப் பார்த்தாள். "மாணிக்கம்," என்றாள்.

அவ்வளவு தெளிவாக. கிளினிக்கில் அடுத்த நம்பரைக் கூப்பிடுவதுபோல. என் பெயர் அவள் குரலில் அப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பயிற்சி கொடுக்காத வார்த்தை தானாக வருவது அவர் தொழிலில் பெரிய விஷயமாம். மிஸ் பூரித்திருக்க வேண்டும். அவர் முதலில் என்னைத்தான் பார்த்தார். "வீட்டுல சொல்லிக் கொடுத்தீங்களா அங்கிள்?"

"சத்தியமா இல்ல மிஸ்."

பிறகு, எதையும் மாற்றாத அந்த மனுஷி, வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் செய்தார். படத்தைக் கவிழ்த்து வைத்தார். மூலையில் உட்கார்ந்திருந்த என்னைக் கையால் காட்டி, "ஆன்ட்டி, இது யாரு?" என்றார்.

கமலா திரும்பி என்னைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் சரிசெய்துகொண்டு தலையைக் குனிந்தாள். வாயைத் திறக்கவில்லை.

மிஸ் காத்திருந்தார். ஏசி ஓடியது. அவள் சொல்லவே இல்லை.

அன்றைக்கு என்ன மார்க் போட்டார் என்று கேட்டேன். "படத்துக்குப் போட்டேன்," என்றார். "உங்களுக்கு எதுவும் போடல. எனக்குத் தெரியல அங்கிள்." தெரியவில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஆராய்ச்சி முடிந்தது. சொன்னபடியே இரண்டாவது பெட்டிக்கும் பயிற்சி கொடுத்தார், பப்பாளி வந்தது. மேல்படிப்புக்கு வெளிநாடு போகும் முன் படங்களைக் கமலா கையில் கொடுத்தார். அவள் மற்றதையெல்லாம் அலமாரியில் வைத்துவிட்டு என் படத்தை மட்டும் படுக்கையறை மேசையில் சாய்த்து வைத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மார்க்கெட்டில் போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொன்னேன்.

கொஞ்ச நாளில் அது ஆரம்பித்தது. நான் சமையலறையில் இருப்பேன். உள்ளே இருந்து, "மாணிக்கம்." ஓடுவேன். கமலா கட்டிலில் உட்கார்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் வாசலில் வந்ததும் நிறுத்திவிடுவாள். தலைப்பைச் சரிசெய்துகொள்வாள். "கூப்பிட்டியா?" என்றால் ஒன்றும் வராது. திரும்பி வந்து கத்தியை எடுத்தால் மறுபடி, "மாணிக்கம்."

செத்தவர்களைத்தான் இப்படிப் படத்தைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். நான் என் கையைக் கிள்ளிப் பார்த்தேன், வலித்தது.

மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். அந்த ஊரில் அப்போது காலை நேரம் என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பேசினார்.

"நீங்க போறதாலதான் நிறுத்துறாங்கன்னு எப்படித் தெரியும்? அவங்களே நிறுத்துற நேரமா இருக்கலாம்."

"எப்படி மிஸ் கண்டுபிடிக்கிறது?"

"சில நாள் கூப்பிட்டதும் உள்ள போங்க. அப்புறம் சில நாள் போகாதீங்க. அப்புறம் திரும்ப போங்க, திரும்ப விடுங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். உங்களை மட்டும் எடுத்து எடுத்து வச்சுப் பாருங்க."

பார்த்தேன். ஒரு வாரம் போனேன். ஒரு வாரம் ஹாலிலேயே நின்றேன். மறுபடி போனேன், மறுபடி நின்றேன். நான் போனால் நின்றுவிடும். போகாவிட்டால் தொடரும். தொடர்வது மட்டுமில்லை, நாளாக ஆகப் பெயருக்குப் பின்னால் வேறு சொற்களும் ஒட்டிக்கொண்டு வந்தன. மழை என்றாள். கால் வலி என்றாள். மார்க்கெட் என்றாள். எந்தப் பயிற்சியிலும் இல்லாத சொற்கள். அவ்வளவும் அந்தச் சிரிக்கிறவனுக்கு.

திரும்பப் போன் செய்து சொன்னேன். "உள்ள போயி அவ பக்கத்துல உக்காரணும்னு இருக்கு மிஸ். போனா பேச்சு நின்னுடுது. நான் என்ன செய்யட்டும்?"

"அதை நான் சொல்ல மாட்டேன் அங்கிள்," என்றார் மிஸ். "அது நீங்க முடிவு பண்ண வேண்டியது."

அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. நம்பர் மாறிவிட்டதாகப் பதிவுக் குரல் சொல்கிறது.

நேற்று மத்தியானம் கடையை மகன் பொறுப்பில் விட்டுவிட்டுச் சீக்கிரம் வந்தேன். கதவு வரை வந்து சாவியை எடுத்துவிட்டேன். உள்ளே கமலா பேசிக்கொண்டிருந்தாள். எதிர் வீட்டு மலாய் அம்மா துணி எடுக்க வெளியே வந்தார். என்னைப் பார்த்து, "என்ன, சாவி மறந்துட்டீங்களா?" என்று மலாயில் கேட்டார். உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். பாவம், என்ன நினைத்தாரோ, தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நடைபாதையில் காய்கறிப் பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன்.

"மாணிக்கம்," என்றாள் உள்ளே. கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அவள் எதையோ தேடுகிறாள் என்று தெரிந்தது. நான் கதவைத் தொடாமல் நின்றேன்.

"சாப்டியா?"

என்னை அவள் வாழ்க்கையில் ஒருமுறைகூட அப்படி ஒருமையில் கேட்டதில்லை.

இல்லை, இன்னும் சாப்பிடவில்லை.